ரீஸே வழியாக வான் நகர் வரை: துருக்கித் தேநீர் நாட்குறிப்பு

ஞாயிறு, இஸ்தான்புல்

தேநீர்ச் சடங்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும் என்பது அக்காவின் கட்சி. ஒருவர் மண்டியிட்டுப் பச்சைப் பொடியை மூங்கில் கோலால் நுரைக்கக் கலக்க, மற்றவர்கள் கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்து பார்ப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. வேடிக்கை பார்க்காமல் குடித்துத் தள்ளுகிற நாடு எது என்று தேடினால் துருக்கிதான் முன்னால் வந்து நிற்கிறது. அங்கே ஆண்டுக்குத் தலைக்கு 3 கிலோவுக்கும் மேல் தேயிலை செலவாகிறது. உலகில் முதலிடம் அதற்குத்தான். தெருவுக்குத் தெரு டீக்கடை வைத்திருக்கும் நம் நாடோ ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. டிக்கெட் எடுக்கும் வேலை என் கையில் இருந்ததால் என் கட்சி ஜெயித்தது.

மாலையில் கராக்கோய் துறையிலிருந்து காதிக்கோய்க்குப் படகு. ஐரோப்பாவில் ஏறி, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஆசியாவில் இறங்கிவிடலாம். படகு கிளம்பியதும் வட்டத் தட்டில் கண்ணாடிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு ஒரு இளைஞர் வந்தார். சாசரில் கிளாஸ், பக்கத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி, சின்னக் கரண்டி. அலையில் படகு ஆடுகிறது, தட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பால் தனியாகத் தருவார்களா என்று கேள்" என்றாள் அக்கா. கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தி 'ச்சு' என்றார். நம் ஊரில் பரிதாபத்துக்குச் சூள் கொட்டுவோம். இங்கே அதற்கு 'இல்லை' என்று பொருள். அக்காவுக்கு இரண்டு பொருளும் பொருந்தியது.

கிளாஸைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் ஒரு விரல் அளவு, கொள்ளளவு 100 மில்லி சுமார், நடுவில் இடுப்பு ஒடுங்கி வாய் விரிந்திருக்கும். பிடி கிடையாது. விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்க வேண்டும். வாய்வரை நிரப்ப மாட்டார்கள், விரலுக்கு அரை அங்குலம் இடம் விட்டிருப்பார்கள். சூடு அடியில் தங்கும், மேலே உதடு தாங்கும் அளவுக்கு ஆறிவிடும். சின்னக் கிளாஸ் என்பதால் ஆறி அவலாகும்முன் தீர்ந்துவிடும், உடனே அடுத்தது வரும். தலைக்கு 3 கிலோ ஆகாமல் என்ன செய்யும்?

திங்கள், இஸ்தான்புல்

கிராண்ட் பஜாருக்குக் கம்பளம் வாங்கப் போகவில்லை. அங்கே டீ எப்படிப் போய் வருகிறது என்று பார்க்கப் போனோம். பஜாரை ஒட்டிய பழைய சத்திரங்களின் முற்றத்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள பொந்துகளில் டீ அடுப்புகள் இருக்கின்றன. கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை. சுற்றியுள்ள நகைப்பட்டறை, தோல் கடை, துணிக்கடை எல்லாவற்றுக்கும் டீ இங்கிருந்துதான். சில இடங்களில் கடைக்கும் அடுப்புக்கும் நடுவே பேசும் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. பொத்தானை அழுத்தி "இரண்டு, ஒன்று லைட்டாக" என்று சொன்னால் போதும், அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் டீ கிளம்பிவிடுகிறது.

கொண்டு வருபவரின் தட்டு தராசுத் தட்டு மாதிரி மூன்று கம்பிகளில் தொங்குகிறது. மேலே ஒரு வளையம், அதில் விரலை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வீசி நடக்கிறார். தொங்குகிற தட்டு உடலோடு சேர்ந்து ஆடுவதால் கிளாஸ் சாய்வதில்லை. ஒரு வெள்ளிப் பட்டறையில் நாங்கள் நின்றிருந்தபோது கிளாஸ்களை வைத்துவிட்டு, காலிக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு, மேசை ஓரத்திலிருந்த டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் வில்லைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பணமும் கேட்கவில்லை, கணக்கும் எழுதவில்லை. வில்லைகளைக் கடைக்காரர் மொத்தமாக முன்பே வாங்கி வைத்துவிடுகிறார். கிளாஸுக்கு ஒரு வில்லை. மாதக் கடைசியில் அக்கவுண்ட் நோட்டை வைத்துக்கொண்டு சண்டை போடும் நம் ஊர் டீக்கடைகளுக்கு இதைச் சிபாரிசு செய்யலாம்.

பட்டறைக்காரரிடம் நாங்கள் எதுவும் வாங்கவில்லை. வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தும் மூன்றாவது கிளாஸ் வந்தது. வேண்டாம் என்று கையசைத்தால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கரண்டியைக் கிளாஸின் வாயில் குறுக்காக வைத்துவிட வேண்டும், பிறகு யாரும் ஊற்ற மாட்டார்கள். இதை அவரே சொல்லிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் சில கடைகளில் ஆப்பிள் டீ நீட்டுகிறார்கள். இனிப்புப் பொடியை வெந்நீரில் கலக்கிய சமாச்சாரம் அது. உள்ளூர்க்காரர் யாரும் அதைக் குடித்து நான் பார்க்கவில்லை.

செவ்வாய், ரீஸே

கருங்கடல் ஓரம் கடலைத் தூர்த்துக் கட்டிய ரீஸே-ஆர்ட்வின் விமான நிலையத்தில் இறங்கினோம். 2022 மே மாதம் திறந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தையே இடுப்பு ஒடுங்கிய டீ கிளாஸ் வடிவில் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வெளியே வந்து மலையைப் பார்த்ததும் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. கடல்மட்டத்திலிருந்தே தேயிலை தொடங்குகிறது. வீட்டு வாசல், பள்ளிவாசல் சுவர், நெடுஞ்சாலை ஓரம் என்று மண் தெரிந்த இடமெல்லாம் தேயிலை. கடற்காற்று முகத்தில் அடிக்கத் தேயிலைச் செடியைத் தொட்டது எங்கள் இருவருக்கும் புதிது.

துருக்கிக்குத் தேநீர் ஆயிரமாண்டு மரபு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஓட்டோமான்கள் காபிக்காரர்கள். முதல் உலகப்போரில் அவர்களுடைய பேரரசு உடைந்து, காபி விளைந்த யேமன் கைவிட்டுப் போனது. காபி, காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டிய பொருளாயிற்று. புதிய குடியரசுக்கோ கையில் காசில்லை. ரீஸேவிலும் வேலையில்லை, ஆண்கள் ரஷ்யப் பக்கம் பிழைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள், புரட்சிக்குப் பின் அந்த வழியும் அடைபட்டது. எல்லைக்கு அப்பால் ஜார்ஜியாவின் பாத்தூமியில் தேயிலை வளர்வதைக் கண்டு, இங்கும் பயிரிடலாம் என்று 1924இல் சட்டமே போட்டார்கள். வேளாண் அதிகாரி ஸிஹ்னி தெரின் விடாப்பிடியாக நின்றார். 1930களின் பின்பாதியில் ஜார்ஜியாவிலிருந்து டன் கணக்கில் விதை வந்தது. முதல் தொழிற்சாலை 1947இல் ரீஸேவில் திறந்தது. அதாவது, நாடே மூச்சுக்கு மூச்சு குடிக்கும் இந்தப் பானம் நம் தாத்தா பாட்டி காலத்தில் அரசாங்கம் திட்டம் போட்டு நட்டது. 2022இல் அஜர்பைஜானையும் துருக்கியையும் சேர்த்து அவர்களுடைய தேநீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியது. ஒரு வழக்கம் வேர்பிடிக்க நூறாண்டுகூடத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பழமை என்று பீற்றிக்கொள்வதைவிட இந்த இளமைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இரவு மழை பிடித்துக்கொண்டது. துருக்கியிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் இதுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல்.

புதன், ரீஸே

தங்கியிருக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சரிவில் தேயிலை இருக்கிறது. இந்தப் பக்கம் பெரிய எஸ்டேட் என்ற பேச்சே இல்லை. சுமார் 2 லட்சம் குடும்பங்கள், ஆளுக்குத் துண்டு துண்டாக நிலம். மே மாதம் முதல் அறுவடை. கூடையோடு பெண்கள் வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பார்கள் என்று எதிர்பார்த்த அக்காவுக்கு அதிர்ச்சி. கத்தரி! செடி கத்தரிக்கும் பெரிய கத்தரி, ஒரு பக்க அலகில் துணிப்பை கட்டியிருக்கிறது. 'கரக் கரக்' என்று வெட்டினால் இலை பைக்குள் விழுகிறது. பை நிறைந்ததும் விரித்த துணியில் கொட்டி, மூட்டை கட்டி, கம்பிவடத்தில் மாட்டிச் சரிவில் இறக்குகிறார்கள். மூட்டை தேயிலை மேலாகப் பறந்து போய்ச் சாலையோரத்தில் நிற்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களில் ஒருவராகக் கூடலூருக்கு வந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தார். பள்ளி விடுமுறைகளில் அக்காவும் கூடப் போவாள். நான் கடைக்குட்டி, பாட்டியோடு வீட்டில் இருந்தவன். அதனால் தேயிலை விஷயத்தில் அக்கா பேசினால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "முற்றின இலை, காம்பு, எல்லாம் சேர்ந்து வருகிறது. அம்மா இப்படிக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் கணக்கப்பிள்ளை பாதியைக் கழித்திருப்பார்" என்றாள். பிறகு தானே, "இப்போது நம் பக்கமும் கத்தரி வந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லையே" என்றாள். வீட்டுக்காரப் பெண்மணி கத்தரியை அவளிடம் நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை. குனிந்து, இரண்டு இலையும் கொழுந்துமாக விரல் நுனியில் கிள்ளிக் காட்டினாள். இரண்டு கையும் மாறி மாறி ஓடியது. இத்தனை ஆண்டு கழித்தும் விரலுக்கு மறக்கவில்லை. அந்த அம்மாள் பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். கிள்ளினது ஒரு பிடிகூட வரவில்லை, அதற்குள் அவர் இன்னொரு பையை நிரப்பிவிட்டார்.

இங்கே குளிர்காலத்தில் பனி விழுகிறது. செடி உறங்கிப்போகும், பூச்சியும் செத்துப்போகும். தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று அவர்கள் பெருமை அடிப்பதற்கு இந்தப் பனிதான் காரணம். மே முதல் இலையுதிர்காலம்வரை மூன்று அறுப்பு, அதோடு சரி. ஆண்டு முழுவதும் துளிர்க்கும் நீலகிரிச் செடியோடு ஒப்பிட்டால் இது பாதிநேர வேலைதான். ஆனால் பேச்சு மட்டும் ஒன்றே. பசுந்தேயிலைக்கு அரசு இந்த ஆண்டு என்ன விலை அறிவித்தது, உரம் என்ன விலை, கொள்முதல் நிலையத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுப்போம் என்று கோட்டா போடுகிறார்கள், மிச்சத்தைத் தனியார் ஆலைக்குக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. கோத்தகிரி டீக்கடையில் உட்கார்ந்து கேட்டதை மொழிபெயர்ப்புச் செயலியில் மறுபடி கேட்டேன்.

மாலையில் அடுப்பங்கரைக்குள் விட்டார்கள். கெட்டில் இரண்டடுக்கு. கீழே பெரியது, அதில் தண்ணீர். மேலே சின்னது, அதில் இலை. வீட்டுக்காரப் பெண்மணி இலையைக் குளிர்ந்த நீரில் ஒரு அலசு அலசித் தூசியைக் கொட்டிவிட்டு, மேல் கெட்டிலில் போட்டுக் கீழ்க்கெட்டிலின் தலையில் ஏற்றினார். கீழே நீர் கொதிக்கக் கொதிக்க ஆவி பட்டு இலை மேலே வெதும்பி மணக்கத் தொடங்கியது. நீர் தளதளவென்று வந்ததும் அதில் பாதியை இலைமேல் மெல்ல ஊற்றினார். கரண்டியால் கலக்கவில்லை. கீழ்க்கெட்டிலில் மறுபடி தண்ணீர் நிரப்பி, தீயைக் குறைத்து, கால் மணி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தபோது மிதந்திருந்த இலையெல்லாம் அடியில் இறங்கியிருந்தது. இறங்கினால்தான் ஆயிற்று என்று கணக்கு.

பிறகுதான் விஷயமே. மேல் கெட்டிலில் இருப்பது டிகாஷன். அவர்கள் 'தெம்' என்கிறார்கள். கிளாஸில் அதை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி மேலே வெந்நீர். யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் விருப்பம், ஒவ்வொருவரையும் கேட்டு ஊற்றுகிறார்கள். ஆச்சுக் என்றால் லைட், தெம்லி என்றால் ஸ்ட்ராங். குழந்தைகளுக்குக் கால்வாசி தெம்மில் பச்சைத் தண்ணீர் கலந்து 'பாஷா டீ' என்று கொடுத்துப் பெரிய மனிதராக்கிவிடுகிறார்கள். சரியான நிறத்துக்கு 'முயல் ரத்தம்' என்று பெயர். ஜன்னல் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பும் இல்லை, காவியும் இல்லை. மாதுளை முத்துச் சிவப்பு. பெயர் வைத்தவருக்குக் கண் இருந்திருக்கிறது.

வீட்டுப் பெரியவர் 1986ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். ஏப்ரலில் செர்னோபில் வெடித்து, மேகம் கருங்கடல் தாண்டி வந்து மழையாக இறங்கியது தேயிலை துளிர்த்து நின்ற நேரம். தேநீரில் ஒன்றும் இல்லை என்று காட்ட, தொழில்துறை அமைச்சராக இருந்த ஜாஹித் ஆரால் கேமராக்களுக்கு முன்னால் டீ குடித்தார். ஊரில் யாருக்குப் புற்றுநோய் என்றாலும் இன்றும் அந்தக் கிளாஸைத்தான் நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பெரியவர் தன் கிளாஸை நிரப்பிக்கொண்டார்.

வியாழன், எர்சுரும்

காலையில் முஹ்லாமா: சோளமாவு, வெண்ணெய், நூல் நூலாக இழுபடும் பாலாடைக்கட்டி. அதை முடித்துவிட்டு பஸ் ஏறியவனுக்கு மலைவளைவுகளில் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. 2018இல் திறந்த ஓவித் சுரங்கப்பாதை 14 கிலோமீட்டர் நீளம். அதற்குமுன் குளிர்காலத்தில் பனி மூடி இந்தக் கணவாயே அடைபட்டுக் கிடக்குமாம். சுரங்கத்தின் இந்தப் பக்கம் ஈரப் பச்சை, அந்தப் பக்கம் பொட்டல் பழுப்பு. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் எர்சுரும். மே கடைசியிலும் கம்பளி வேண்டியிருந்தது.

இங்கே சர்க்கரையைக் கிளாஸில் போடுவது பிழை. கட்டிச் சர்க்கரை, கடையில் கிடைக்கும் சதுரக் கட்டி இல்லை, பாறை மாதிரி இறுகியது. அதைக் குறடு போன்ற கருவியால் நறுக்கித் தருகிறார்கள். துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் டீயை ஓட்ட வேண்டும். 'கித்லாமா' என்று பெயர். நான் முதல் மடக்கிலேயே கடித்து நொறுக்கிவிட்டேன். எதிர்மேசைத் தாத்தா ஒரே துண்டோடு நாலு கிளாஸ் காலி செய்துவிட்டு, நாக்கை நீட்டி மிச்சத் துண்டைக் காட்டினார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்து வளர்ந்த அக்காவுக்கு இது ஒரு வித்தையே இல்லை. தாத்தாவும் அவளும் ஒரு சுற்றுப் போட்டியே போட்டார்கள். "ஆப்லா, ஆப்லா" என்று மேசையே அவளை அக்காவாக்கிக்கொண்டது. பால் பேச்சு அன்றோடு நின்றது.

வெள்ளி

பஸ்ஸிலேயே போயிற்று. வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீ. எர்ஜிஷ் அருகே ஓடையில் மீன்கள் எதிர்நீச்சலடித்துப் பாறைமேல் துள்ளுவதைப் பார்க்கச் சிலர் இறங்கினார்கள். வான் ஏரியின் சோடா நீரில் வாழும் மீன் அது, முட்டையிட நல்ல தண்ணீர் தேடி ஏறுகிறது. நாங்கள் இறங்கவில்லை, அக்கா நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

சனி, வான்

வான் நகரின் காலைச் சாப்பாடு துருக்கி முழுவதும் பெயர் பெற்றது. மேசையில் இடம் இல்லாத அளவுக்குத் தட்டுகள்: காட்டுக்கீரை சேர்த்த பாலாடைக்கட்டி, தேன், பாலாடை, மாவும் முட்டையும் வெண்ணெயில் புரட்டிய முர்துகா. டீ வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரீஸே டீ இல்லை இது. நிறம் கறுப்புக்குக் கிட்டே. நாக்கில் ஒரு பிடி பிடிக்கிறது.

கடைக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஆங்கிலத்திலும் அரபியிலும் 'சிலோன்' என்று போட்டிருந்தது. கிழக்குத் துருக்கியில், முக்கியமாகக் குர்து மக்கள் வாழும் ஊர்களில், ரீஸே இலையை மதிப்பதில்லை. தேயிலை இறக்குமதிக்கு அரசு 145 சதவீதம் வரி போட்டு உள்நாட்டு இலையைக் காப்பாற்றுகிறது. அந்த வரிக்குச் சிக்காமல் ஈரான், ஈராக், சிரியா எல்லைகள் வழியாக இலங்கைத் தேயிலை காலங்காலமாக வந்துகொண்டிருந்தது. அதனால் அதற்குப் பெயரே 'காச்சாக் சாய்', கடத்தல் டீ. இன்று வரி கட்டி வந்த பெட்டியையும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அக்கா ஒரு சிட்டிகை இலையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். நீளமாக, கறுப்பாக, நன்றாக முறுகிய இலை. "ஹட்டன் இலையாக இருக்குமா?" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: மேற்காசியாவுக்குப் போவது பெரும்பாலும் தாழ்நிலத்து இலை, ரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறு தோட்டங்களில் விளைவது. ஹட்டன் இலை வெளிறிய பொன்னிறமாக இறங்கும், இவ்வளவு கறுக்காது. "எதைக் கேட்டாலும் உனக்கு ஒரு விளக்கம்" என்று கோபித்துக்கொண்டாள். என்னிடமிருந்து மொழிபெயர்ப்புச் செயலியை வாங்கி, கடைக்காரரிடம் "எங்கள் அம்மா பிறந்த ஊர்த் தேயிலை" என்று அவளே தட்டிக் காட்டினாள். நான் திருத்தவில்லை. அவர் காசு வாங்கவில்லை.

பின்குறிப்பு, கோவை

வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு. இரண்டடுக்குக் கெட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை: கொதிக்கிற பாத்திரத்தின் வாயில் அழுந்த உட்காரும் சின்ன பீங்கான் ஜாடியோ எவர்சில்வர் டீபாட்டோ போதும். நான் வான் நகரில் வாங்கிய கெட்டிலை வைத்திருக்கிறேன்.

நம் கடைகளில் கிடைக்கும் உருண்டைக் குருணைத் தூளை இதில் போட வேண்டாம். அது சிடிசி, அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது, பாலில் கொதிக்க ஏற்றது. மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கிவிடும். கால் மணி நேரம் ஆவியில் வைத்தால் வாயில் வைக்க முடியாது. ரீஸே இலை மெத்தனமானது, அதனால்தான் அவ்வளவு நேரம் தாங்குகிறது. நம் பக்கத்தில் இதற்குப் பொருந்துவது குன்னூரில் கிடைக்கும் ஆர்த்தடாக்ஸ், அதாவது நசுக்காமல் உருட்டிச் செய்த முழு இலை. நாலு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி, மேல் கெட்டிலுக்கு அரை லிட்டர் வெந்நீர், பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். சிறுதீ, மேல் கெட்டில் கொதிக்கவே கூடாது.

அரை மணி நேரத்துக்கு மேல் நின்ற தெம் கசந்துவிடும், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் அக்கா அதைக் கொட்ட விடுவதில்லை. பால் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, மிச்சத் தெம்மை அதில் ஊற்றிக்கொள்கிறாள். குடித்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.